ஓர் அரைநாள், மூன்று பேட்டைகள்: மயிலாப்பூரா, திருவல்லிக்கேணியா, ஜார்ஜ் டவுனா?

சென்னையின் பழைய பகுதி ஒன்றை வண்டியை விட்டு இறங்கி, தெருத்தெருவாக நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் இந்த மூன்று பெயர்களில்தான் வந்து நிற்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் ஒரு காலைப்பொழுது மிஞ்சுகிறது. அல்லது ராத்திரி ரயிலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கிடைக்கிறது. மூன்றையும் பார்க்க நேரமில்லை. எதற்குப் போவது?

எங்கே பார்க்க நிறைய இருக்கிறது என்று கேட்டால் விடை கிடைக்காது. மூன்றிலும் ஓர் அரைநாளுக்கு மேலேயே இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் நாள் என்ன கிழமை, பொழுது காலையா மாலையா என்பதிலிருந்து தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுனுக்குக் கடை பார்க்கப் போனவரும், மதியம் ஒரு மணிக்கு மயிலாப்பூர் கோபுர வாசலில் போய் நின்றவரும் "அங்கே ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்கள். போன வேளைதான் சரியில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, நாளும் நேரமும். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நாலு மணிவாக்கில் திறக்கும். மொத்த வியாபாரத் தெருக்கள் காலை பத்து மணிக்குமேல்தான் சூடுபிடிக்கும், ஞாயிறு ஓய்வு. டிபன் கடைகள் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இந்த மூன்றும் எங்கே எப்போது ஒன்றுசேர்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் நடை ருசிக்கும்.

இரண்டாவது, கால் வைக்க இடம். நடைபாதை இருக்கிறதா, இருந்தாலும் அது கடைக்காரர் போக மிச்சமா, நிழல் எந்தப் பக்கம், மழை பெய்தால் தண்ணீர் தேங்குமா.

மூன்றாவது, உள்ளே போக முடியுமா. வெளியே நின்று பார்த்துவிட்டு வரும் இடங்கள் வேறு, உள்ளே போய் அரை மணி உட்காரக்கூடிய இடங்கள் வேறு. வயதானவர்களோடு வந்தால் இதுதான் முதல் கேள்வி.

நாலாவது, சாப்பாடும் கழிப்பறையும். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய பேட்டைகளில் பொதுக் கழிப்பறையை நம்பி நடையைத் திட்டமிட முடியாது. சாப்பிடப் போகும் ஓட்டலோ மெட்ரோ நிலையமோதான் கைகொடுக்கும்.

ஐந்தாவது, வந்து சேர்வதும் திரும்பிப் போவதும். மூன்று இடத்துக்கும் ரயில் உண்டு. சொந்தக் காரில் போகிறவர்கள் நடையில் பாதி நேரத்தை நிறுத்த இடம் தேடியே தொலைப்பார்கள். காரை வீட்டில் விட்டுவிடுங்கள்.

| | மயிலாப்பூர் | திருவல்லிக்கேணி | ஜார்ஜ் டவுன் |
|---|---|---|---|
| நல்ல வேளை | காலை 6 – 9.30 | மாலை 4 – 8 | கட்டடங்களுக்கு காலை 8.30 – 11. தின்பண்டத்துக்கு மாலை 5க்கு மேல் |
| நல்ல கிழமை | எந்த நாளும் | எந்த நாளும். கிரிக்கெட் ஆட்ட நாள் வேண்டாம் | கடைத்தெருவுக்கு வேலை நாள். கட்டடங்களுக்கு ஞாயிறு |
| நடை தூரம் | சுமார் 3 கி.மீ. | சுமார் 3 கி.மீ. | 4 கி.மீ. வரை |
| நெரிசல் | காலையில் குறைவு | நடுத்தரம் | வேலை நாளில் மிக அதிகம் |
| உட்கார இடம் | நிறைய | ஓரளவு | மிகக் குறைவு |
| ரயில் | திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் | திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையம் | உயர்நீதிமன்றம், மண்ணடி மெட்ரோ; கடற்கரை ரயில் நிலையம் |
| காலணி | சட்டென்று கழற்றும் செருப்பு | செருப்பு | மூடிய காலணி |

## மயிலாப்பூர்: காலையில் எழுந்திருப்பவர்களுக்கு

இங்கே நடை என்பது கபாலீசுவரர் கோயிலையும் தெப்பக்குளத்தையும் சுற்றிய மாடவீதிகள்தான். திருமயிலை நிலையத்தில் இறங்கி, ராமகிருஷ்ண மடம் சாலை வழியாகக் குளத்தின் மேற்குக் கரைக்கு வாருங்கள். குளத்துக்கு அப்பால் கோயில், அதற்குப் பின்னால் 1906இல் எழுப்பிய, சுமார் 120 அடி உயரமான கிழக்கு ராஜகோபுரம். காலை வெயில் கோபுரத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதால் இங்கிருந்து படம் கறுத்துப்போகும். படம் எடுக்க வேண்டுமென்றால் கோபுரத்துக்குக் கிழக்கே சன்னதித் தெருவுக்குப் போய்விடுங்கள். அங்கே காலையில் வெளிச்சம் நேராகக் கோபுரத்தின் மேல் விழும், சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். சாயங்காலம் இது தலைகீழ். குளக்கரைதான் நல்ல இடம்.

குளக்கரையிலிருந்து தெற்கு மாடவீதி. காய்கறிக் கடைகள், வாழையிலை, பூஜைச் சாமான், வெள்ளீசுவரர் கோயில். காலை ஏழு மணிக்கு வாழைத்தண்டும் கீரைக்கட்டும் தண்ணீர் தெளித்துப் பரப்பியிருப்பார்கள். அந்த வேளையில்தான் இந்தத் தெருவைத் தெருவாகப் பார்க்க முடியும். பதினோரு மணிக்கு ஆட்டோவும் இருசக்கர வண்டியும் நிரம்பிய சாலையாகிவிடும். பிறகு கிழக்கு மாடவீதி, சன்னதித் தெரு, கோயில், வடக்கு மாடவீதி. நவராத்திரிக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்து வடக்கு மாடவீதி முழுக்கக் கொலுபொம்மைக் கடைகள் வந்துவிடும். அந்தச் சமயத்தில் வந்தால் இந்த ஒரு தெருவுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கோயிலில் பொதுவாக எல்லோரும் வெளிப்பிராகாரம் வரை போகலாம். இந்துக்கள் அல்லாதவர்களுக்குக் கருவறைப் பக்கம் அனுமதி இல்லை. வேற்று மதத்து நண்பர்களை அழைத்து வருகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாசலில் வந்து தெரிந்துகொண்டால் மனம் சங்கடப்படும். பிராகாரத்தின் கல்தரை பத்து மணிக்கு மேல் காலைச் சுடும். குழந்தைகள் அழுவது அதனால்தான். புன்னை மரத்தடியிலும் மண்டபங்களிலும் உட்கார இடம் உண்டு. மூன்று பேட்டைகளிலும் முதியவர்கள் நிம்மதியாக ஓய்வெடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

கோயில் முடிந்ததும் பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுகிறார்கள். அங்கே நிறுத்தாதீர்கள். கச்சேரி சாலையைப் பிடித்துக் கிழக்கே நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் சாந்தோம் பேராலயம். வழியில் சித்த மருந்துச் சரக்குக்குப் பேர்போன டப்பா செட்டி கடை, மசூதி, பழைய வீடுகள் சில. பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1896இல் எழுந்தது, புனித தோமையாரின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின் மேல் இருக்கிறது. கல்லறைச் சிற்றாலயத்துக்குக் கீழே இறங்கிப் போகலாம். கோயில் மணியும் பாங்கும் மாதா கோயில் மணியும் ஒரே சாலையில் கேட்கிற இந்த ஒரு கிலோமீட்டர்தான் மயிலாப்பூரை முழுசாகக் காட்டுகிறது. எதிர்த்திசையில் போக விரும்பினால், லஸ்ஸுக்கு அப்பால் 1516இல் போர்ச்சுகீசியர் கட்டிய பிரகாச மாதா ஆலயம் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் ஒரே காலையில் முடியும்.

சாப்பாட்டில் மயிலாப்பூரை மற்ற இரண்டும் காலையில் தொட முடியாது. அருண்டேல் தெருவின் ராயர் மெஸ்ஸில் இட்லி, பொங்கல், கெட்டிச் சட்னி. இடம் சிறியது, ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி. விடுமுறை நாளில் எட்டு மணிக்கு மேல் போனால் தெருவில் காத்திருக்க வேண்டும், நேரமாகிவிட்டால் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வரும். கிழக்கு மாடவீதியில் கற்பகாம்பாள் மெஸ். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகவே தட்டு நீட்டும் ஜன்னல் கடை. காளத்தி கடை ரோஸ்மில்க்கை நடையின் முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இரண்டு. மெட்ரோ சுரங்கப் பணி நடக்கும்வரை லஸ், கச்சேரி சாலைப் பக்கம் வழிமாற்றங்கள் உண்டு, தடுப்புகளைச் சுற்றிப் போவதில் நடை நீளும். இன்னொன்று பங்குனிப் பெருவிழா. ஏழாம் நாள் தேரும் எட்டாம் நாள் அறுபத்துமூவரும் பார்க்கவே வருவதானால் வாருங்கள், அதைப் போன்ற கூட்டமும் கோலாகலமும் சென்னையில் வேறெங்கும் இல்லை. தெருக்களையும் வீடுகளையும் பார்க்க வருவதானால் அந்தப் பத்து நாட்களை விட்டுவிடுங்கள். மார்கழி விடியற்காலை இதற்கு நேர் எதிர். கோலமும் பஜனையும் குளிரும் சேர்ந்து, மயிலாப்பூர் நடைக்கு ஆண்டில் இதைவிட நல்ல மாதமில்லை.

## திருவல்லிக்கேணி: சாயங்காலம் மட்டுமே இருக்கிறவர்களுக்கு

கோடையில் சென்னையின் வெயிலை அடக்குவது மதியத்துக்கு மேல் வரும் கடல்காற்று. மெரினாவை ஒட்டிய திருவல்லிக்கேணிக்கு அது சீக்கிரம் வந்துவிடும். நாலு மணிக்குக் கோயில் திறக்கும்போது தெரு நடக்கத் தோதாகிவிடுகிறது. மாலைக்கு இதைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

திருவல்லிக்கேணி நிலையத்திலிருந்து பார்த்தசாரதி கோயிலுக்குப் பத்து நிமிட நடை. மீசையோடு நிற்கும் வேங்கடகிருஷ்ணனும், பின்பக்கம் மேற்கு பார்த்த நரசிம்மரும் ஒரே கோயிலுக்குள் தனித்தனி வாசலும் கொடிமரமும் கொண்டவர்கள். தந்திவர்ம பல்லவனின் கல்வெட்டு இங்கே இருக்கிறது, சென்னை என்ற பெயர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. பிரசாதக் கடையில் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் கிடைத்தால் விடவேண்டாம்.

அங்கிருந்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. பாரதியார் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1921 செப்டம்பரில் காலமான வீடு இங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. சின்ன இடம், அரை மணி போதும். ஆனால் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிய இடத்திலிருந்து அவர் உயிர்விட்ட வீட்டுக்குச் சில நிமிடங்களில் நடந்து வந்துவிடலாம் என்பதைக் காலால் உணரும்போது, பள்ளிப் பாடத்தில் படித்த சேதி வேறாகிவிடுகிறது. அரசு நினைவகம் என்பதால் மாலை சீக்கிரம் மூடுவார்கள். ஆகவே இதை முதலில் பார்த்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்புவதே பாதுகாப்பு.

அடுத்து பாரதி சாலை. பழைய புத்தகக் கடைகள் சாயங்காலம்தான் முழுமையாக விரியும். பாடநூல்களே அதிகம், இலக்கியம் தேட வேண்டும். விலை பேசலாம், ஆனால் புத்தகத்தை ஆவலோடு கையில் தூக்கிவிட்டுப் பேசக்கூடாது. இதே சாலையில் மேற்கே போனால் ஜாம்பஜார் மார்க்கெட். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் ரத்னா கஃபே, மூழ்கும் அளவுக்கு சாம்பார் ஊற்றிய இட்லி. இன்னும் வடக்கே 1795இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல். நெரிசலான சாலையிலிருந்து உள்ளே நுழைந்ததும் பெரிய திறந்த வெளி. ஆற்காட்டு நவாபிடம் பணிபுரிந்த மக்கன் லால் என்ற இந்து இயற்றிய பாரசீக வரிகள் இந்தப் பள்ளிவாசலுக்குள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. காயிதே மில்லத் அடக்கமாகியிருப்பதும் இந்த வளாகத்தில்தான். தொழுகை நேரம் தவிர்த்து, கைகால் மூடிய உடையில், வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். வெள்ளி மதியம் வேண்டாம். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பிறகு இந்தச் சாலை இரவு வெகுநேரம் விழித்திருக்கும். திருவல்லிக்கேணியைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்றில் வசீகரம் சட்டென்று கண்ணில் படாத பேட்டை இது. மேன்ஷன் எனப்படும் தனியாள் விடுதிகளும் மெஸ்களும் நிறைந்த, வேலை தேடி வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிப்போன ஊர். அந்த வாழ்க்கையில் ஆர்வம் இல்லாதவருக்கு வெறும் நெருக்கடியாகத் தெரியலாம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் மாடுகள் திரியும். கன்றோடு நிற்கும் பசுவின் அருகே குழந்தைகளை விடாதீர்கள், எதிர்ச்சாரிக்கு மாறிப் போங்கள். சேப்பாக்கம் மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாளில் வாலாஜா சாலை, பெல்ஸ் சாலைப் பக்கம் போக்குவரத்து மாற்றமும், ஆட்டம் முடிந்ததும் பறக்கும் ரயிலில் நிற்க இடமில்லாத கூட்டமும் இருக்கும். வைகுண்ட ஏகாதசி அன்று கோயில் பக்கம் சும்மா நடக்கப் போகவே முடியாது.

## ஜார்ஜ் டவுன்: உழைத்தால் மிக அதிகம் தரும் பேட்டை

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றில் இங்கே மட்டும்தான் திட்டமில்லாமல் போனால் ஏமாற்றம் உறுதி, திட்டத்தோடு போனால் மற்ற இரண்டையும் மிஞ்சிவிடும்.

கறுப்பர் நகரம் என்று கம்பெனிக்காரர்கள் அழைத்த இடம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைப் பெற்றது. முதலில் இருந்த குடியிருப்பு புனித ஜார்ஜ் கோட்டைச் சுவரை ஒட்டி, இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் கோட்டையை இழந்து மீட்ட பிறகு, பீரங்கிக்கு மறைவாக வீடுகள் இருக்கக்கூடாதென்று அதை இடித்து வெட்டவெளியாக்கினார்கள். இதற்கு மேல் கட்டக்கூடாதென்று 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் இன்னமும் நிற்கிறது. தினமும் பல்லாயிரம் பேர் அதைக் கடந்து போகிறார்கள். நடையை அங்கிருந்து தொடங்கினால் இந்தத் தெருக்கள் ஏன் கோடு போட்டதுபோல் நேராக, இணையாக ஓடுகின்றன என்பது புரியும்.

இந்த நடையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கட்டடங்களுக்கு. உயர்நீதிமன்ற மெட்ரோவில் இறங்குங்கள். வெளியே வரும் முன்பே நிலையத்தின் கழிப்பறையைப் பயன்படுத்திவிடுங்கள், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆர்மேனியன் தெருவில் 1772ஆம் ஆண்டு ஆர்மேனிய ஆலயம். வழிபடுவோர் இன்று ஊரில் இல்லை என்றே சொல்லலாம், ஆனால் ஆலயத்தைப் பேணி வைத்திருக்கிறார்கள். முற்றத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் எழுத்துச் செதுக்கிய கல்லறைகள். உலகின் முதல் ஆர்மேனிய இதழ் 1794இல் அச்சானது சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் இந்த வளாகத்தில் உறங்குகிறார். மூன்று பேட்டைகளிலும் அமைதியாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஒரே இடத்தைச் சொல்லச் சொன்னால் இந்த முற்றத்தைத்தான் சொல்ல வேண்டும். மிக அதிகாலையில் போனால் கதவு மூடியிருக்கும், மாலையிலும் கிடைக்காது. முற்பகல்தான்.

அங்கிருந்து தம்புச் செட்டித் தெரு, காளிகாம்பாள் கோயில். 1677இல் சத்ரபதி சிவாஜி வந்து வழிபட்டதாகச் சொல்லப்படும் கோயில். பிறகு என்.எஸ்.சி. போஸ் சாலையைப் பிடித்து மேற்கே, சென்னக் கேசவர், சென்ன மல்லீசுவரர் இரட்டைக் கோயில்கள். பழைய கறுப்பர் நகரத்தோடு இடிபட்டு, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இங்கே மறுபடி எழுந்தவை. ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம், வள்ளலார் சிறுவயதில் பாடிய முருகன். கடைகளுக்கு நடுவே வாசல் ஒளிந்திருக்கும், கேட்டுத்தான் போக வேண்டும்.

தெருக்கள் வடக்குத் தெற்காக ஓடுவதால் காலையில் கிழக்குச் சாரியில் நிழல், மூன்று மணிக்கு மேல் மேற்குச் சாரியில் நிழல். அதைப் பார்த்து நடந்தால் வெயில் தெரியாது. கண்ணை முதல் மாடிக்கு உயர்த்துங்கள். கீழ்த்தளம் எல்லாம் ஷட்டரும் விளம்பரப் பலகையுமாக மாறிவிட்டது. மேலேதான் சுண்ணாம்புப் பூச்சு, மரத் தூண் தாழ்வாரம், முகப்பில் கட்டிய ஆண்டு, கட்டியவர் பெயர் எல்லாம் மிச்சம் இருக்கின்றன. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் உள்ளே இருந்தால்தான் தெரியும். இடிந்துகொண்டிருக்கும் கட்டடம் ஒன்றில் அதன் குறுக்குவெட்டே தெருவிலிருந்து தெரிவதும் உண்டு. இவை வேகமாக மறைந்து வருகின்றன. பழைய கட்டடங்களில் ஆர்வமுள்ளவர் மயிலாப்பூரை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தாலும் இதைத் தள்ளிவைக்கக் கூடாது.

கடைத்தெருவுக்கும் தின்பண்டத்துக்கும். ஆண்டர்சன் தெரு என்றால் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். கோடவுன் தெரு துணி. நைனியப்ப நாயக்கன் தெருவில் நாட்டுமருந்துச் சரக்கும் ரசாயனமும், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் முந்திரி, திராட்சை, மசாலா. தெருப் பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் மூக்கே சொல்லிவிடும். மாலை ஐந்துக்கு மேல் தங்கசாலைத் தெரு. சௌகார்பேட்டையின் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் வளர்த்த தெரு அது. காகடா ராம்பிரசாத்தில் நெய் ஜிலேபி, சாட், பக்கத்துக் கடைகளில் லஸ்ஸி, வடா பாவ். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையின் நெய் ஊத்தப்பம் இரவுக் கடைதான். கடற்கரை நிலையத்துக்கு எதிரே இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவும் மொய்ங்காவும் வாழைத்தண்டு சூப்பும். வயிறு ஒன்றுதான். தங்கசாலையா பர்மா கடைகளா என்று முன்பே முடிவுசெய்யுங்கள், இரண்டும் எதிரெதிர் மூலையில் இருக்கின்றன.

வேலை நாளில் நடப்பதற்கு ஒரு விதி உண்டு. மூட்டை சுமப்பவரும் கைவண்டி இழுப்பவரும் திடீரென்று நிற்க முடியாது. பாரம் அவர்களைத் தள்ளிக்கொண்டு வரும். பின்னாலிருந்து "சைடு, சைடு" என்று குரல் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஓரம் ஒதுங்குங்கள். படம் எடுக்கத் தெரு நடுவில் நிற்காதீர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு நடையும் கூலி. கைப்பேசி மார்புப் பக்கம், பை முன்பக்கம். ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம் என்ற கணக்கு இங்கே செல்லாது, அரை மணி வையுங்கள்.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். மொத்தக் கடையில் விலை குறைவு என்று நம்பி நுழைந்தால் டஜன் கணக்கில்தான் தருவார்கள். ஒன்று இரண்டு வாங்கினால் விலை தி.நகரை விட அப்படியொன்றும் குறைவில்லை, சுமை மட்டும் மிஞ்சும். வாங்குவதானால் நடையின் கடைசியில் வாங்குங்கள். மாலை நேரத்தில் ஆட்டோக்கள் உள்தெருவுக்கு வரத் தயங்கும், கேட்ட தொகையும் கூடும். மண்ணடிக்கோ உயர்நீதிமன்றத்துக்கோ நடந்துபோய் மெட்ரோ ஏறுவதே வேகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் தேங்கினால் உடைந்த கால்வாய் மூடி கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்த மறுநாள் இந்த நடையை ஒத்திப்போடுவதில் வெட்கம் இல்லை.

கோட்டையையும் சேர்த்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தனியாக இரண்டு மணி நேரம் தேவை. தலைமைச் செயலகம் இருப்பதால் சோதனையும் அடையாள அட்டையும் உண்டு, அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை.

## யார் எதற்குப் போவது

சென்னைக்கே முதல்முறை, கூடப் பெற்றோரோ குழந்தைகளோ இருக்கிறார்கள், ஒரு காலை கிடைத்திருக்கிறது என்றால் மயிலாப்பூர், யோசிக்க வேண்டியதில்லை. தனியாக வரும் பெண்களுக்கும் காலை மாலை எந்த நேரத்திலும் தயக்கமில்லாத இடம் அதுதான்.

மாலை மட்டும்தான் கிடைக்கிறது, கூட்டத்துக்குள் புழங்குவது பிடிக்கும், பாரதியின் மேல் பிரியம் உண்டு என்றால் திருவல்லிக்கேணி. கையில் காசு குறைவாக இருப்பவருக்கும் இதுவே. மாலை முழுக்கச் சாப்பிட்டுச் சுற்றினாலும் ஒருவருக்கு முந்நூறு ரூபாய்க்குள் அடக்கலாம்.

ஊரை ஏற்கெனவே அறிந்தவர், மற்ற இரண்டையும் பார்த்தவர், கால் வலுவுள்ளவர் ஜார்ஜ் டவுனுக்குப் போகவேண்டும். வேலை நாளா ஞாயிறா என்ற கேள்விக்கு: கட்டடம் பார்க்க ஞாயிறு காலை, மனிதர்களைப் பார்க்க வேலை நாள். ஞாயிறு மாலையில் கடைகள் மூடிய உள்தெருக்கள் வெறிச்சென்று இருக்கும், தனியாக நடக்க ஏற்றதல்ல.

வழிகாட்டி வேண்டுமா? மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் தேவையில்லை, யாரைக் கேட்டாலும் நின்று சொல்வார்கள். ஜார்ஜ் டவுனுக்கு, முதல்முறை என்றால், விவரம் தெரிந்தவரோடு போவது நல்லது. பூட்டிய கதவுகளும் ஒளிந்த வாசல்களும் அங்கேதான் அதிகம். ஆகஸ்ட் 22ஆம் தேதி சென்னை நாளை ஒட்டி வரும் நாட்களில் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச நடைகள் நிறைய இருக்கும். ஆகஸ்டில் வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தேதியை வைத்துக்கொள்ளலாம்.

## இரண்டைச் சேர்க்க வேண்டுமானால்

முழுநாள் கிடைத்துவிட்டால் காலை மயிலாப்பூர், மாலை திருவல்லிக்கேணி என்பதே சரியான ஜோடி. மதிய வெயிலை அறைக்குள் கழித்துவிட்டு, திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம் தாண்டி மூன்றாவது நிலையம் திருவல்லிக்கேணி. ஜார்ஜ் டவுனைச் சேர்ப்பதானால் மயிலாப்பூர்க் காலையை எட்டரை மணிக்கு முடித்து, அதே ரயிலில் கடற்கரை நிலையம் போய்விடலாம். ஆர்மேனிய ஆலயம் திறந்திருக்கும் வேளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வீர்கள். ஜார்ஜ் டவுனையும் திருவல்லிக்கேணியையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். இரண்டுமே நெரிசலில் நடப்பவை, இரண்டாவது பேட்டைக்கு வரும்போது கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். பறக்கும் ரயில் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு நேரம் கணக்கிடுங்கள். இருட்டிய பிறகு அதன் நிலைய மாடிகளில் ஆள்நடமாட்டம் குறைவு என்பதால், எட்டு மணிக்கு மேல் திரும்புகிறவர்கள் நெடுஞ்சாலைக்கு வந்து பேருந்தோ ஆட்டோவோ பிடிப்பது மேல்.